பதினைந்து வருஷம் ஓடிய வரி இப்போது ஏன் உடைகிறது?

கேள்வி:

வணக்கம் சார். எங்கள் குழு ஒரு பழைய சி நிரலைப் பராமரித்து வருகிறது. கருவிகளிலிருந்து வரும் அளவீடுகளைக் கமா போட்டு ஒரே வரியாகச் சேர்த்து லாக் ஃபைலில் எழுதுவதுதான் அதன் முக்கிய வேலை. பதினைந்து வருஷமாக எந்தத் தொல்லையும் இல்லை. சமீபத்தில் உபுண்டு 24.04-க்கு மாறினோம். அன்றிலிருந்து லாக்கில் ஒரு கமாவும் கடைசி அளவீடும் மட்டும்தான் இருக்கின்றன. அதற்கு முந்தையவை எல்லாம் காணாமல் போகின்றன. பிழை தேடுவதற்கான டீபக் பில்டில் சரியாக வருகிறது, வெளியிடுவதற்கான ரிலீஸ் பில்டில்தான் தப்பு. தேடிப் பார்த்தோம். மதிப்புகளை எழுத்தாக்கி நினைவகத்தில் எழுதும் எஸ்பிரின்ட்எஃப்-இல் எழுத வேண்டிய இடமாகவும், ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) செருகும் குறியான 'பர்சன்ட் எஸ்'-க்கான மதிப்பாகவும் ஒரே பஃபரை (தற்காலிக நினைவக இடத்தை) கொடுத்திருக்கிறோம். கடைசியில் ஒட்டுவதற்காக முன்னோர்கள் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஃபோர்ட்டிஃபை சோர்ஸ்' என்ற பாதுகாப்பு வசதியை அணைத்தால் எல்லாம் பழையபடி வருகிறது. அணைத்தே அனுப்பிவிடலாம் என்கிறார் மேனேஜர். இது கம்பைலரின் பிழையா? அணைப்பது சரியா? அளவு வரம்பும் கேட்கும் எஸ்என்பிரின்ட்எஃப்-ஆக மாற்றினால் போதுமா? இதே மாதிரி வேறு எங்கெல்லாம் மாட்டுவோம்?

பதில்:

வணக்கம். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பைலரின் பிழை இல்லை. அணைக்காதீர்கள். எஸ்என்பிரின்ட்எஃப் என்று பெயரை மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஏன் என்று பார்ப்போம்.

உங்கள் பஃபரில் இப்போது '23.5,24.1' இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது எழுத்து. அதோடு ',22.8' சேர வேண்டும். பழைய வழியில் எஸ்பிரின்ட்எஃப் என்ன செய்கிறது? 'பர்சன்ட் எஸ்' வந்ததும் கொடுத்த சரத்தின் நீளத்தை அளக்கிறது: ஒன்பது. அந்த ஒன்பது எழுத்தையும் பஃபரின் தொடக்கத்திலிருந்து எழுதுகிறது. மூலமும் அதே பஃபர் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் தன் மேலேயே மறுபடி எழுதப்படுகிறது, எதுவும் மாறுவதில்லை. அப்புறம் பத்தாவது இடத்திலிருந்து ',22.8' எழுதி, முடிவில் ஒரு பூஜ்ய பைட் வைக்கிறது. நீங்கள் எதிர்பார்த்தது கிடைத்துவிடுகிறது.

இது அந்த ஃபங்ஷனை உள்ளே எழுதியிருக்கும் விதத்தால் கிடைத்த விளைவு. மொழி இதற்கு உத்தரவாதம் தரவில்லை. அளவீட்டைக் கடைசியில் ஒட்டாமல் முன்னால் ஒட்ட முயன்றிருந்தால், அதாவது எண்ணை முதலிலும் பழைய பஃபரை இரண்டாவதாகவும் கொடுத்திருந்தால், முதல் நாளே குப்பை வந்திருக்கும். கடைசியில் ஒட்டும் வடிவம் மட்டும் தற்செயலாகப் பிழைத்துக்கொண்டது. சி மொழியின் விதிகளை வகுக்கும் சி99 தரம் தெளிவாகவே சொல்கிறது: ஒன்றோடொன்று மேற்படியும் இடங்களுக்கிடையே எஸ்பிரின்ட்எஃப் நகலெடுத்தால் அதன் நடத்தை வரையறுக்கப்படாதது.

இப்போது ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் உள்ளே வருகிறது. அதை இயக்கி, ஆப்டிமைசேஷனும் (கம்பைலர் நிரலை வேகப்படுத்தும் வேலை) போட்டுக் கம்பைல் செய்தால் உங்கள் எஸ்பிரின்ட்எஃப் அழைப்பு, சோதனை செய்யும் இன்னொரு ஃபங்ஷனுக்கான அழைப்பாக மாறிவிடும். பஃபரின் அளவு கம்பைலருக்குத் தெரிந்தால் அதுவும் கூடவே போகும். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியில் இருக்கும் அந்தச் சோதனை ஃபங்ஷன், வேலையைத் தொடங்கும் முன் பஃபரின் முதல் பைட்டில் பூஜ்யத்தை எழுதுகிறது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு 'பர்சன்ட் எஸ்'-க்கு நீங்கள் கொடுத்த சரத்தின் நீளம் பூஜ்யம். ஒன்றுமில்லாததை நகலெடுத்துவிட்டு ',22.8'-ஐ எழுதுகிறது. நீங்கள் பார்த்த கமாவும் கடைசி அளவீடும் இப்படித்தான் வந்தன.

டீபக் பில்டில் ஏன் சரியாக இருக்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். ஆப்டிமைசேஷன் இல்லாமல், அதாவது ஓ0-வில், இந்தச் சோதனைகள் இயங்குவதில்லை. அங்கே சாதாரண எஸ்பிரின்ட்எஃப்தான் ஓடுகிறது. பழைய லினக்ஸில் ரிலீஸ் பில்டும் பிழைத்ததற்குக் காரணம், லினக்ஸின் எல்லா விநியோகங்களும் (உபுண்டு, ஃபெடோரா போன்ற தொகுப்புகள்) இதை ஒரே விதமாக இயக்குவதில்லை. உபுண்டுவில் கம்பைலரே தானாக இயக்கிவிடும். ஃபெடோரா போன்றவற்றில், விநியோகத்துக்கான பேக்கேஜ்களைக் கட்டும்போது மட்டும் அதற்கான கொடி (கம்பைலருக்குத் தரும் கட்டளை) சேர்க்கப்படும். சொந்த மேக்ஃபைலில் (நிரலைக் கட்டும் விதத்தைச் சொல்லும் ஃபைல்) கட்டினால் நீங்களாகப் போட்டால்தான் உண்டு.

சந்தேகம் இருந்தால் உங்கள் ரிலீஸ் பைனரியின் சிம்பல் பட்டியலைப் பாருங்கள். எஸ்பிரின்ட்எஃப் பெயரின் பின்னால் 'செக்' என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கம் ஒட்டியிருந்தால் சோதனை இயங்குகிறது என்று அர்த்தம்.

இது ஏதோ நேற்று வந்த மாற்றமும் இல்லை. 2008 அக்டோபரில் வந்த உபுண்டு 8.10-லேயே இந்த வசதி இரண்டாம் நிலையில் தானாக இயங்கத் தொடங்கியது. அப்போதே இதே வரி பல நிரல்களில் உடைந்தது, இதே கேள்விதான் வந்தது. லினக்ஸின் கையேட்டுப் பக்கத்தில் பிரின்ட்எஃப் குடும்பத்தைப் பற்றிய குறிப்பில் உங்கள் வரியையே அச்சாக எடுத்துக்காட்டாகப் போட்டு, இப்படி எழுதுவது விவேகமில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஜிலிப்சியின் மூலக்கோடிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. சாதாரண எஸ்பிரின்ட்எஃப் வழியாக வந்தால் பஃபரை அழிக்க வேண்டாம், தரப்படி தப்பு என்றாலும் இதை நம்பியிருக்கும் நிரல்கள் இருப்பது தெரியும் என்கிறது அது. உங்களைப் போன்றவர்களுக்காக லைப்ரரிக்காரர்கள் வேண்டுமென்றே ஒரு பக்கத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். பாதுகாப்பு கேட்ட பக்கத்தில்தான் கறாராக இருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் உங்கள் வருத்தம் நியாயமானது என்பதையும் சொல்ல வேண்டும். ஃபோர்ட்டிஃபை பொதுவாகச் சத்தம் போட்டே நிறுத்தும். தப்பைக் கண்டால் 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று எழுதிவிட்டு நிரலைக் கொன்றுவிடும். உடனே தெரியும், உடனே திருத்தலாம். இந்த ஒரு இடத்தில் அது சத்தமே இல்லாமல் தப்பான விடையைத் தருகிறது. அளவீடுகளைப் பதிவு செய்யும் நிரலில் அது கொடுமைதான். உபுண்டு 24.04-க்கு மாறிய நாளிலிருந்து எழுதப்பட்ட லாக்குகளை யாராவது அறிக்கைகளுக்குப் பயன்படுத்தியிருந்தால், முதலில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நிரலைத் திருத்துவது அதற்கடுத்த வேலை.

இனி மேனேஜர் சொல்வதைப் பார்ப்போம். அவருடைய பக்கமும் புரிகிறது: ஒரு கொடியை மாற்றினால் சரியாகிறது, எதற்கு இத்தனை பாடு? ஆனால் உடைந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். நிலையான அளவுள்ள ஒரு பஃபர். அதில் வெளியிலிருந்து வரும் மதிப்புகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. எங்கே நிறுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கருவி கோளாறாகி வழக்கத்தைவிட நீளமாக எதையாவது அனுப்பினாலோ, ஒரே வரியில் எதிர்பார்த்ததைவிட அதிக அளவீடுகள் வந்தாலோ, எழுத்துகள் பஃபரைத் தாண்டி ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் போய் விழும். ஃபங்ஷன் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியும் அங்கேதான் இருக்கிறது. அந்த முகவரியைத் தன் விருப்பப்படி மாற்றுவதுதான் பஃபர் ஓவர்ஃப்ளோ தாக்குதலின் அடிப்படை. ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் கட்டப்பட்டதே இந்த மாதிரி வரிகளைக் காவல் காக்கத்தான். அதை அணைத்து இந்த வரியைக் காப்பாற்றுவது, உள்ளவற்றிலேயே அதிகக் காவல் தேவைப்படும் வரியிலிருந்து காவலை எடுப்பதாகும். அதுவும் மேக்ஃபைலில் மொத்தமாக அணைத்தால் நகலெடுக்கும், படிக்கும் ஃபங்ஷன்களான மெம்காப்பி, எஸ்டிஆர்காப்பி, ரீட் என்று நிரல் முழுவதிலும் சோதனைகள் போய்விடும். எங்கோ இருக்கும் வேறொரு பிழை, இப்போது நிரலை நிறுத்தித் தன்னைக் காட்டிக்கொள்வது, அதற்குப் பிறகு அமைதியாக நினைவகத்தைச் சிதைக்கும்.

ஒருமுறை இப்படி அணைத்த கொடியை மறுபடி யாரும் போடுவதில்லை என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஏன் அணைத்தார்கள் என்று தெரிந்தவர் வேலை மாறிப் போயிருப்பார், மற்றவர்களுக்கு அதைத் தொடப் பயமாக இருக்கும்.

சரி, எப்படித் திருத்துவது?

பலர் செய்வது எஸ்பிரின்ட்எஃப்-ஐ எஸ்என்பிரின்ட்எஃப் ஆக்கி, நடுவில் பஃபரின் அளவைச் செருகுவது. மேற்படியும் சிக்கல் அப்படியே இருக்கிறது, அந்த ஃபங்ஷனுக்கும் தரம் அதே தடையைத்தான் சொல்கிறது. போதாக்குறைக்கு, ஜிலிப்சியின் எஸ்என்பிரின்ட்எஃப் ஃபோர்ட்டிஃபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதல் பைட்டைப் பூஜ்யமாக்கிவிட்டுத்தான் தொடங்கும். ஆகவே டீபக் பில்டும் உடையும். ஒரு விதத்தில் நல்லதுதான், பிழை இரண்டிலும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் திருத்தம் ஆகாது.

சரியான வழி, எந்த இடம் வரை எழுதியிருக்கிறோம் என்பதை ஒரு மாறியில் வைத்துக்கொள்வது. ஒவ்வொரு முறையும் பஃபரின் தொடக்கத்தைக் கொடுக்காமல் அந்த இடத்தைக் கொடுங்கள். மீதி எவ்வளவு இருக்கிறது என்பதை அளவாகக் கொடுங்கள். எழுதி முடித்ததும் இடத்தை முன்னால் நகர்த்துங்கள். பழைய சரத்தை மறுபடி நகலெடுக்கும் வேலையே இல்லை, அதனால் மேற்படிவதற்கும் வழியில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அனுபவமுள்ளவர்களும் இதில் விழுகிறார்கள். எஸ்என்பிரின்ட்எஃப் திருப்பித் தருவது, எத்தனை எழுத்து எழுதினோம் என்ற கணக்கை அல்ல. இடம் இருந்திருந்தால் எத்தனை எழுத்து எழுதியிருப்போம் என்ற கணக்கை. 64 பைட் பஃபரில் 60-வது இடத்தில் நிற்கிறீர்கள், மீதி 4. பத்து எழுத்து எழுதச் சொல்கிறீர்கள். அது மூன்று எழுத்தும் ஒரு பூஜ்யமும் எழுதிவிட்டு 10 என்று பதில் சொல்லும். அதை அப்படியே கூட்டினால் உங்கள் இடம் 70. அடுத்த சுற்றில் மீதி இடம் 64-இலிருந்து 70-ஐக் கழித்தது. மைனஸ் 6 வர வேண்டும். ஆனால் அளவுகளைக் குறிக்கும் சைஸ்-டி வகைக்கு மைனஸ் தெரியாது. 64 பிட் கணினியில் அது 18446744073709551610 என்று ஆகிவிடும். இடம் தாராளமாக இருக்கிறது என்று நம்பி, பஃபருக்கு வெளியே எழுதத் தொடங்கும். பாதுகாப்பான ஃபங்ஷனுக்கு மாறிவிட்டோம் என்ற நிம்மதியோடு பழைய ஓட்டையையே மறுபடி திறந்த கதையாகிவிடும்.

அதனால் திருப்பித் தந்த எண்ணைக் கூட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். எண் பூஜ்யத்தைவிடக் குறைவா? அப்படியானால் பிழை, நிறுத்துங்கள். மீதி இடத்துக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கிறதா? அப்படியானால் வரி வெட்டுப்பட்டிருக்கிறது. 'சமமாக' என்பதை விட்டுவிடாதீர்கள், முடிவு பைட்டுக்கும் ஓர் இடம் வேண்டும். வெட்டுப்பட்டால் என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அளவீட்டு லாக்கில் பாதி எண்ணை எழுதுவதைவிட, 'வரி நிரம்பிவிட்டது' என்று தனியாகப் பதிவு செய்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது நல்லது என்பேன். 24.1 என்பது வெட்டுப்பட்டு 2 என்று பதிவானால் அது சரியான அளவீடு மாதிரியே இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

இந்தச் சோதனையை எல்லா இடத்திலும் எழுதாதீர்கள். பஃபர், கொள்ளளவு, இடம் மூன்றையும் வைத்திருக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளின் தொகுப்பு), அதில் சேர்க்கும் ஒரே ஃபங்ஷன், இது போதும். அந்த ஃபங்ஷனுக்குப் பிரின்ட்எஃப் வகை 'ஃபார்மேட்' ஆட்ரிப்யூட் போட்டுவிட்டால், ஃபார்மேட்டும் மதிப்புகளும் பொருந்துகின்றனவா என்பதைக் கம்பைலரே பார்த்துக்கொள்ளும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் இதற்கென்றே உண்மையில் எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும் ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். அத்தனை பேருக்கு இதே குழி தொந்தரவு கொடுத்திருக்கிறது.

இன்னொன்று. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், அந்த வரியைச் சேர்ப்பது கடைசியில் லாக் ஃபைலில் எழுதத்தான். அப்படியென்றால் பஃபரே எதற்கு? ஒவ்வொரு அளவீடு வரும்போதும் எஃப்பிரின்ட்எஃப்-ஆல் நேராக ஃபைலுக்கே எழுதலாம். ஸ்டாண்டர்ட் லைப்ரரி உள்ளே தன் பஃபரில் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் எழுதும், வேகமும் குறையாது. பல த்ரெட்கள் ஒரே ஃபைலில் எழுதினால் மட்டும் ஒரு வரி முடியும் வரை ஃபைலைப் பூட்டிக்கொள்ளுங்கள். வரி முழுவதும் நினைவகத்தில் வேண்டும், நீளமும் முன்கூட்டித் தெரியாது என்றால் யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான தரமான போசிக்ஸில் ஓபன்-மெம்ஸ்ட்ரீம் இருக்கிறது. ஃபைலுக்கு எழுதுவது போலவே எழுதலாம், தேவைக்கேற்பத் தானாக வளரும், கடைசியில் மூடிவிட்டு நினைவகத்தை விடுவித்தால் போதும். உங்கள் நிலையில் நான் முதலில் யோசிப்பது இந்த இரண்டு வழியைத்தான்.

அடுத்த கேள்வி: வேறு எங்கெல்லாம் மாட்டலாம்? பதினைந்து வயதான சி நிரலில் இந்த ஒரு பழக்கம் இருந்தால் இதன் உறவுக்காரர்களும் இருப்பார்கள்.

மேற்படியும் நகல்தான் முதல் உறவு. சரத்தின் முதல் எழுத்தை நீக்க, எஸ்டிஆர்காப்பிக்கு இலக்காகச் சரத்தையும் மூலமாக அதன் இரண்டாவது எழுத்தையும் கொடுப்பார்கள். அல்லது மெம்காப்பியால் அதையே செய்வார்கள். இடமிருந்து வலமாக நகலெடுக்கும் வரை ஓடும். 2010-இல் ஜிலிப்சி சில பிராசஸர்களில் வேகத்துக்காக மெம்காப்பியைப் பின்னாலிருந்து நகலெடுக்கும்படி மாற்றியது. ஃபெடோரா 14-இல் ஃப்ளாஷ் பிளேயரின் ஒலி கரகரவென்று கெட்டுப்போனது, ஏனென்றால் அது மேற்படியும் இடங்களில் மெம்காப்பியைப் பயன்படுத்தியிருந்தது. பெரிய வாக்குவாதம் நடந்தது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பயனர்கள் பக்கம் நின்று வாதாடினார். கடைசியில் ஜிலிப்சி 2.14-இல் மெம்காப்பிக்குப் புதிய சிம்பல் பதிப்பு வந்தது. பழைய பைனரிகளுக்குப் பழைய நடத்தை, புதிதாகக் கட்டுபவர்களுக்குப் புதிய நடத்தை. நீங்கள் புதிதாகக் கட்டுகிறீர்கள், அந்தச் சலுகை உங்களுக்கு இல்லை. மேற்படிய வாய்ப்புள்ள இடமெல்லாம் மேற்படிந்தாலும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவ் போடுங்கள். முடிவு பைட்டையும் சேர்த்து எண்ண மறக்காதீர்கள்.

உபுண்டு 24.04-இல் ஃபோர்ட்டிஃபை மூன்றாம் நிலையில் ஓடுகிறது. இரண்டாம் நிலைக்குக் கம்பைல் நேரத்திலேயே மாறாத எண்ணாகத் தெரிந்த அளவுகள் மட்டும்தான் புரியும். மூன்றாம் நிலை, நிரல் ஓடும்போது நினைவகம் வாங்கித் தரும் மாலாக்கில் ஒரு மாறியைக் கொடுத்து வாங்கிய இடத்தின் அளவையும் ஓடும்போது கணக்கிட்டுச் சோதிக்கும். ஜிசிசி கம்பைலரின் 12-ஆம் பதிப்பிலிருந்து இது சாத்தியமானது. இதில் மாட்டும் ஒரு பழக்கம், மாலாக் உண்மையில் எவ்வளவு கொடுத்தது என்று மாலாக்-யூசபிள்-சைஸ் மூலம் கேட்டு, அந்த உபரியையும் பயன்படுத்துவது. 20 பைட் கேட்டால் 64 பிட் ஜிலிப்சியில் 24 கிடைக்கும். 24 வரை எழுதினால் கம்பைலர் 20-தான் என்று நினைத்து நிரலை நிறுத்திவிடும். லினக்ஸைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யே இதில் மாட்டிக் கோடை மாற்ற வேண்டி வந்தது. உங்கள் நிரலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கருவிகளோடு, பல இணைப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்கும் செலக்ட் வழியாகப் பேசுகிறீர்கள் என்றால் எஃப்டி-செட்டைக் கவனியுங்கள். ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைல் அல்லது இணைப்பின் எண்) 1024-ஐத் தொட்டால் ஃபோர்ட்டிஃபை நிறுத்திவிடும். பெரிய பிட் அணியைத் தாங்களாகவே மாலாக் செய்து சமாளித்தவர்களுக்கும் இதே கதிதான். போல் அல்லது ஈபோலுக்கு மாறுவதுதான் வழி. புதிய ஃபைலை உருவாக்கும் ஓபன் அழைப்பில் அனுமதி மதிப்பைத் தராமல் விட்டிருந்தால் கம்பைல் ஆகும்போதே பிழை வரும். இது நல்ல பிழை, இத்தனை நாள் அந்த ஃபைல்களின் அனுமதி அப்போது கிடைத்த ஏதோ ஒரு குப்பை மதிப்பாக இருந்திருக்கும். இதுவரை எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கையை நினைவகத்தில் எழுதும் 'பர்சன்ட் என்' உள்ள ஃபார்மேட்டை நிரல் ஓடும்போது தயாரித்தாலும் நிறுத்திவிடும். அதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறார்கள் என்றால் உடனே விட்டுவிடச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஸ்ட்ரக்டின் கடைசியில் ஒரே உறுப்புள்ள அரேயை வைத்துக்கொண்டு, மாலாக்கில் அதிகமாக இடம் வாங்கி நீளமான சரத்தை அதில் வைக்கும் பழைய தந்திரம். இப்போதைக்கு ஜிசிசி அதைப் பொறுத்துக்கொள்கிறது, கடைசி அரே எதுவானாலும் நீளக்கூடியது என்றே எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஜிசிசி-யும் கிளாங் என்ற இன்னொரு கம்பைலரும் 'ஸ்ட்ரிக்ட் ஃப்ளெக்ஸ் அரேஸ்' என்ற கொடியைக் கொண்டுவந்திருக்கின்றன. அதன் மூன்றாம் நிலையில், அளவே போடாத காலி அடைப்புக்குறி அரே மட்டும்தான் நீளக்கூடியது. ஒன்று என்று போட்டிருந்தால் ஒன்றுதான். லினக்ஸ் கர்னல் 2023-இல் 6.5 பதிப்பிலிருந்து இந்த நிலைக்கே போய்விட்டது. உங்கள் வழிக்கும் ஒருநாள் வரும்.

மாற்றுவது எளிது போலத் தெரியும், ஒன்றை அழித்துவிட்டால் ஆயிற்று என்று. அப்படிச் செய்யாதீர்கள். 4 பைட் நீளமும் ஒரு எழுத்து அரேயும் உள்ள ஸ்ட்ரக்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லைச் சீரமைப்பால் அதன் சைஸ்ஆஃப் (மொத்த அளவு) 8. ஒன்றை அழித்ததும் 4 ஆகிவிடும். சைஸ்ஆஃப்-உடன் சரத்தின் நீளத்தைக் கூட்டி மாலாக் செய்திருந்தால், முன்பு முடிவு பைட்டுக்கு இடம் தானாக இருந்தது. இப்போது சரியாக ஒரு பைட் குறைகிறது. ஃபைலிலோ நெட்வொர்க்கிலோ அந்தத் தலைப்பை சைஸ்ஆஃப் அளவுக்கு எழுதியிருந்தால், பழைய ஃபைல்களைப் புதிய நிரலால் படிக்க முடியாது. ஆகவே முதலில் அந்த ஸ்ட்ரக்டின் பெயர் சைஸ்ஆஃப்-இல் வரும் இடங்களை எல்லாம் கண்டுபிடித்து, ஓர் உறுப்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் ஆஃப்செட்ஆஃப்-ஆல் கணக்கை எழுதுங்கள், ஃபைல் வடிவத்தின் 8 பைட்டை வெளிப்படையான எண்ணாக வையுங்கள். அதற்குப் பிறகு அரேயை மாற்றுங்கள். அவசரமில்லாத நேரத்தில், தனி மாற்றமாக.

தேடுவதற்கு, முதலில் ரிலீஸ் பில்டில் எச்சரிக்கைகளை முழுவதுமாகப் படியுங்கள். ஜிசிசி-யின் அண்மைப் பதிப்புகளில் 'டபிள்யூ ஆல்' கொடி போட்டாலே, எஸ்பிரின்ட்எஃப்-இன் மதிப்பு இலக்கோடு மேற்படிகிறது என்ற எச்சரிக்கை 'ரெஸ்ட்ரிக்ட்' பெயரில் வரும். உங்கள் பில்டிலும் அது வந்துகொண்டே இருந்திருக்கலாம், நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகளுக்கு நடுவில் யாரும் பார்க்காமல். அந்த ஒன்றை மட்டும் பிழையாக மாற்றுங்கள், இனி புதிதாக எழுதுபவரும் அதே தப்பைச் செய்ய முடியாது. ஒரு ஃபங்ஷனுக்கு ஒரே பஃபரை இரண்டு பாயின்டராக அனுப்பியிருந்தால் கம்பைலருக்குத் தெரியாமல் போகலாம். அதற்கு எஸ்பிரின்ட்எஃப் வரும் இடங்களைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். உங்கள் அளவு நிரலுக்கு அது பெரிய வேலை இல்லை.

டீபக் பில்டை ஓ0-விலிருந்து ஓஜி-க்கு மாற்றுங்கள். டீபக்கருக்கு ஏற்றபடியும் இருக்கும், ஃபோர்ட்டிஃபையும் இயங்கும். இரண்டு பில்டும் ஒரே ஃபங்ஷன்களை அழைத்தால், 'எங்களிடம் சரியாக வருகிறது, அங்கே மட்டும் தப்பு' என்ற நிலை பெரும்பாலும் போய்விடும். பரிசோதனைகளை ரிலீஸ் கொடிகளோடும் ஒருமுறை ஓட்டுங்கள்.

கூடவே நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் போட்டு மூன்றாவதாக ஒரு பில்ட் வைத்து அதிலும் பரிசோதனைகளை ஓட்டினால், மெம்காப்பி மேற்படிவதையும் எல்லை தாண்டுவதையும் வரி எண்ணோடு காட்டும். அந்த பில்டில் மட்டும் ஃபோர்ட்டிஃபையை அணைத்து வையுங்கள். சானிடைசர் கண்காணிக்கும் ஃபங்ஷன்களையே ஃபோர்ட்டிஃபை வேறு பெயருக்கு மாற்றிவிடுவதால், இரண்டும் சேர்ந்தால் சானிடைசர் சிலவற்றைத் தவறவிடும். உங்கள் மேனேஜர் கேட்ட அந்தக் கொடிக்கு மேக்ஃபைலில் பொருத்தமான இடம் அந்த பில்ட்தான். கருவிகளோடு பேசப் போகும் பைனரியில் வேண்டாம்.